கூட்டம் இருக்கும் இடத்தில் கடை விரித்தவர்கள்

வைகாசியில் நம்மூர் ஜெனகை மாரியம்மன் திருவிழாவுக்கு வளையல் கடை, பலூன் கடை, மிட்டாய்க் கடை எல்லாம் வரும். அந்தக் கடைக்காரர்கள் யாரும் திருவிழா நடத்துவதில்லை. அம்மன் கூட்டத்தைச் சேர்த்து வைக்கிறாள், இவர்கள் ஓரமாகச் சாக்கை விரிக்கிறார்கள். பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் வியாபாரம் செய்வது பற்றிப் பேரப்பிள்ளைகள் பெரிய விஷயமாகப் பேசும்போது எனக்கு அந்தச் சாக்குத்தான் ஞாபகம் வருகிறது. சின்ன வியாபாரிக்குச் சொந்தமாகக் கூட்டம் சேர்க்க வசதி கிடையாது. அடுத்தவர் சேர்த்த கூட்டத்தில்தான் விற்றாக வேண்டும்.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தொடங்கினார். அப்போது அது பேர் தெரியாத சரக்கு. அவர் செய்தது என்ன? சங்கீதக் கச்சேரி நடக்கும் இடங்களில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். கச்சேரிக்கு வருபவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். தலைவலி வர நியாயம் உண்டு. தைலம் வேலை செய்தால் மறுநாள் நாலு பேரிடம் சொல்லுவார். இன்றைக்கு 'ஷேர்' என்கிறார்களே, அதேதான். அந்தத் தைலக் காசில் பிறகு ஆந்திர பத்திரிகாவையே நடத்தினார். மயிலாப்பூர் லஸ் பக்கம் போனவர்கள் அவர் பேரில் உள்ள பூங்காவைப் பார்த்திருப்பீர்கள்.

நம் தலைமுறைக்குக் கச்சேரியை விடப் பெரிய கூட்டம் வானொலியில் இருந்தது. அதிலும் இலங்கை வானொலி. இதற்கு ஒரு காரணம் உண்டு. 1952இல் தகவல் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் போயிற்று. விளம்பரத்துக்கோ அங்கே முதலிலிருந்தே இடம் இல்லை. விவித பாரதியில் விளம்பரம் வந்ததே 1967இல்தான். இந்த இடைவெளியில் கொழும்பு நம் காதுகளைப் பிடித்துக்கொண்டது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் பெயர்களே நமக்கு நடிகர் பெயர்கள் மாதிரி. பாட்டு கேட்டு அஞ்சலட்டை போட்டு, தன் பேரும் ஊரும் கடல் தாண்டி ஒலிக்கக் காத்திருந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு. (நானும் போட்டேன். என் பேர் வரவில்லை.)

அந்தப் பாட்டுகளுக்கு நடுவேதான் மதுரையில் தயாரான கோபால் பல்பொடி வந்தது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று அந்த விளம்பரம் நாடுகளை அடுக்கும்போது, நம் பக்கத்து ஊர்ப் பொடி உலகத்தையே ஆள்கிறது என்று நினைத்துக்கொள்வோம். யோசித்துப் பாருங்கள்: ஆற்றுக்கு அக்கரையில் தென்கரையில் பிறந்த டி.ஆர்.மகாலிங்கம் 'மாலையிட்ட மங்கை'யில் பாடிய பாட்டு, அடுத்து மதுரைப் பல்பொடி. இரண்டும் இங்கிருந்து போய், கொழும்பு சுற்றி, சோழவந்தான் டீக்கடைக்கே திரும்பி வந்தன. மதுரைக்காரன் பொடியை மதுரைப் பக்கத்தானுக்குச் சொல்ல இன்னொரு நாட்டு வானொலி தேவைப்பட்டது.

உள்ளூர்க் கடைக்கு அவ்வளவு கட்டாது. அவர்களுக்குச் சினிமாக் கொட்டகை ஸ்லைடு. சின்னக் கண்ணாடித் துண்டில் ஜவுளிக் கடை பெயர், கீழே 'நல்வரவு'. இடைவேளையில் முறுக்கு வாங்கப் போகாதவர்கள் பார்ப்பார்கள்.

இந்த வியாபாரத்தில் ஒரு சங்கடம், மேடை நம்முடையது அல்ல. விளம்பரம் பிடித்துக் கொடுத்தும் தபாலில் பொருள் விற்றும் பிழைத்த எஸ்.எஸ்.வாசன் 1928இல் ஆனந்த விகடனையே வாங்கிவிட்டார். விலை 200 ரூபாய் என்று சொல்லுவார்கள். எல்லோரும் வாசன் ஆக முடியாது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி வந்ததும் இலங்கை வானொலிக் கூட்டம் கலைந்தது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடிக்கொண்டது. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்தது; அதில் புடவையும் பொடியும் காட்டி ஆள் சேர்த்திருந்தவர்கள் விடிந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. திருவிழா முடிந்தால் அடுத்த வருஷம் அம்மன் வருவாள் என்ற நம்பிக்கை இங்கே கிடையாது.

இதையெல்லாம் எழுத வைத்தது நம்மூர் வெற்றிலை. 2023இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். மதுரை மல்லிக்கு அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2013இல் கிடைத்துவிட்டது. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தப் பேரைப் போட்டு விற்க விவசாயியும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சரி, பதிந்தாகிவிட்டது. பேரை எதன் மேல் போடுவது? பல்பொடிக்குப் பொட்டலம் உண்டு, தைலத்துக்குப் புட்டி உண்டு. வெற்றிலைக்கு வாழைமட்டையும் ஈரத் துணியும்தான். மண்டிக்குள் போன நிமிஷம் அது வெறும் வெற்றிலை. வெளியூர்க் கல்யாண வீட்டில் தட்டில் வைத்தவருக்கு அது எங்கே விளைந்தது என்று தெரியாது. கடைக்காரர் சொன்னால் எல்லாமே சோழவந்தான், சொல்லாவிட்டால் எதுவுமே இல்லை. கொடிக்காலை விட்டவர்களிடம் கேட்டால் தண்ணீரையும் ஆள் கூலியையும் சொல்லுவார்கள். இந்தப் பேர் இழப்பும் அதில் சேர்த்தி என்பது என் அபிப்பிராயம். பேர் தெரியாத சரக்குக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்?

எனக்குத் தெரிந்த கொடிக்கால்காரர் ஒருவரின் பேரன், விடியற்காலையில் கொடிக்காலுக்குள் நின்று போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறான். கேட்டவர்களுக்குப் பஸ்ஸில் பார்சல் அனுப்புகிறான். வாங்கியவர்களின் பேரையும் நம்பரையும் கோடு போட்ட நோட்டு ஒன்றில் தன் கையால் எழுதி வைத்திருக்கிறான். "போனில்தான் இருக்குமே, ஏண்டா எழுதுறே?" என்றேன். "போன் போயிருச்சுன்னா தாத்தா?" என்றான்.

சென்ற மாதம் ஸ்டேட்டஸுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னான். அகத்தி நிழலில் வளர்ந்தது, வைகைத் தண்ணீர், புவிசார் குறியீடு பெற்றது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். படத்துக்குக் கீழே அவன் போட்டது: 'சோழவந்தான் வெற்றிலை. இன்னைக்குக் காலையில கிள்ளுனது.'