அச்சு வழங்கியில் இயக்கிகளின் இடமாற்றம்: வரலாறு

அச்சுப்பொறி இயக்கி என்பது கணினியில் உள்ள பக்கத்தை அச்சுப்பொறிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள் ஆகும். பல கணினிகள் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்தும்போது, அச்சு வேலைகளை வாங்கி வரிசைப்படுத்தி அனுப்பும் கணினி அச்சு வழங்கி எனப்படும். பழைய வழங்கியில் உள்ள அச்சு வரிசைகளையும் இயக்கிகளையும் புதிய வழங்கிக்குக் கொண்டுசெல்வது இயக்கி இடமாற்றம் ஆகும். கைவேலையாகத் தொடங்கிய இப்பணி, பின்னர் ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைக் கோப்புகளால் செய்யப்படும் பணியாக மாறியது.

இது பெருநகர நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்தின் வட்டத் தலைநகரான உத்திரமேரூர் போன்ற ஊர்களிலும் பட்டா நகல், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவை கணினி அச்சாகவே மக்கள் கைக்கு வருகின்றன. ஒரு கணினியில் இணைத்த அச்சுப்பொறியைப் பக்கத்து மேசைகளுக்கும் பகிர்ந்துகொடுத்தால், அந்தக் கணினியே அச்சு வழங்கியாகிவிடுகிறது.

தொடக்க காலம்

எம்எஸ்-டாஸ் காலத்தில் இயக்கிகள் இயக்குதளத்தில் இல்லை. வேர்ட்பெர்பெக்ட், லோட்டஸ் 1-2-3 போன்ற ஒவ்வொரு மென்பொருளும் தனக்கான இயக்கிகளைத் தானே வைத்திருந்தது. அச்சுப்பொறியை மாற்றினால் ஒவ்வொரு மென்பொருளிலும் அமைப்பை மாற்ற வேண்டும். அச்சுப்பொறிகளின் மொழிகளும் வேறுபட்டன. எப்சன் புள்ளி அச்சுப்பொறிகள் இஎஸ்சி/பி மொழியையும், 1984இல் வந்த எச்பி லேசர்ஜெட் பிசிஎல் மொழியையும், 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியையும் பயன்படுத்தின. 1985இல் வெளிவந்த விண்டோஸ், இயக்கியை இயக்குதளத்தின் பொறுப்பாக்கியது.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தொடக்கத்திலும் ஓர் அச்சுப்பொறி உண்டு. எம்ஐடி ஆய்வகத்தில் இருந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறியின் மூலநிரல் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கிடைக்கவில்லை. தாள் சிக்கினால் பயனர்களுக்குத் தெரிவிக்கும் வசதியை அவரால் அதில் சேர்க்க முடியாமல் போனது. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த அவர், தம்மைத் தூண்டிய நிகழ்வுகளில் ஒன்றாக இதைக் குறிப்பிட்டுவந்தார்.

தமிழ் எழுத்தும் இயக்கியும்

பழைய புள்ளி அச்சுப்பொறிகளின் நினைவகத்தில் தமிழ் எழுத்துகள் இல்லை. எனவே எழுத்தின் வடிவத்தைக் கணினியே புள்ளிகளாக வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. கான்பூர் ஐஐடியில் உருவாகிப் பின்னர் சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் தொழில்நுட்பம், இந்திய மொழிகளுக்கு இவ்வசதியைத் தந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, டேம், டேப் என்னும் குறியாக்கங்களைத் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழைக் கொண்டுவந்தது. 2010இல் ஒருங்குறியும் தேஸ்16 குறியாக்கமும் அரசுத் தரங்களாயின.

இதனால் தமிழ் அலுவலகங்களில் இயக்கி இடமாற்றத்துக்குக் கூடுதல் சோதனை ஒன்று தேவைப்பட்டது. சில இயக்கிகள் கணினியின் எழுத்துருவுக்குப் பதிலாக அச்சுப்பொறிக்குள் இருக்கும் எழுத்துருவைப் பயன்படுத்தும். டேம் போன்ற பழைய குறியாக்கங்களில் அமைந்த ஆவணத்துக்கு அப்படி நேர்ந்தால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளே தாளில் வரும். ஆங்கிலச் சோதனைப் பக்கம் சரியாக வந்தது என்பதால் மட்டும் இடமாற்றம் முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

வழங்கியில் குவிந்த இயக்கிகள்

1993இல் வந்த விண்டோஸ் என்டி வரிசையில், பயனர் கணினிகள் தங்களுக்கான இயக்கியை வழங்கியிலிருந்தே இறக்கிக்கொள்ளும் முறை அமைந்தது. ஒவ்வொரு மேசையிலும் வட்டு போட்டு நிறுவும் வேலை குறைந்தது. ஆனால் பொறுப்பு முழுவதும் வழங்கியில் குவிந்தது. 1996இல் வந்த என்டி 4.0 இயக்கிகளைக் கருவகத்துக்குள் வைத்ததால், பழுதான ஓர் இயக்கி கணினியையே நிறுத்திவிடக்கூடும். விண்டோஸ் 2000 இயக்கிகளைக் கருவகத்துக்கு வெளியே கொண்டுவந்தது. அப்போதும் ஒரு தவறான இயக்கியால் அச்சுச் சேவை நின்று, எல்லா அச்சு வரிசைகளும் முடங்கும் ஆபத்து இருந்தது. ஒவ்வோர் இயக்கியையும் தனித்து இயக்கும் வசதி 2009இல் விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் வந்தது. அப்பதிப்பு 64-பிட்டில் மட்டுமே வந்ததால், 32-பிட் கணினிகளுக்கான இயக்கிகளையும் வழங்கியில் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது.

கைவேலையிலிருந்து ஸ்கிரிப்டுக்கு

மைக்ரோசாப்டின் பிரிண்ட் மைக்ரேட்டர் கருவி, வழங்கியின் அச்சு வரிசைகள் அனைத்தையும் ஒரே கோப்பாகத் திரட்டி மற்றொரு வழங்கியில் மீட்டது. விண்டோஸ் சர்வர் 2008இல் அதன் இடத்தைப் பிரிண்ட்பிஆர்எம் பிடித்தது. இவை உள்ளதை உள்ளபடியே நகர்த்துவதால், பழைய வழங்கியில் தேங்கிக் கிடந்த வேண்டாத இயக்கிகளும் கூடவே வந்துசேரும்.

தேர்ந்தெடுத்து மாற்றுவதற்கு ஸ்கிரிப்ட் உதவியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் விபிஸ்கிரிப்ட் கோப்புகளும், 2012இல் விண்டோஸ் 8, சர்வர் 2012 பதிப்புகளோடு பவர்செல்லுக்கான அச்சுக் கட்டளைகளும் வந்தன. யூனிக்ஸ், லினக்ஸ் வழங்கிகளில் 1999இல் வெளிவந்த கப்ஸ் அமைப்பின் எல்பிஅட்மின் கட்டளை இதே பணியைச் செய்தது.

இத்தகைய ஸ்கிரிப்ட் முதலில் அச்சு வரிசையின் பெயர், ஐபி முகவரி, இயக்கியின் பெயர், தாள் அளவு ஆகியவற்றைப் பட்டியலாக எடுக்கும். பழைய இயக்கி ஒவ்வொன்றுக்கும் எந்தப் புதிய இயக்கி என்று அட்டவணை தயாராகும். பின் புதிய இயக்கி நிறுவப்பட்டு, வரிசைகள் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றப்படும். எந்த வரிசையும் பயன்படுத்தவில்லை என்று உறுதியான பிறகே பழைய இயக்கி நீக்கப்படும். தவறு நேர்ந்தால் முதலில் எடுத்த பட்டியலைக் கொண்டே பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எல்காட்டும் லினக்ஸும்

2007 வாக்கில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அக்காலத்தில் லினக்ஸுக்கு மாற விரும்பிய எவருக்கும் அச்சுப்பொறி ஒரு சோதனையாக இருந்தது. இந்திய அலுவலகங்களிலும் கணினி மையங்களிலும் பரவலாக இருந்த கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 ஆகியவை பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டவை. அவற்றுக்குரிய தனி இயக்கி இல்லாமல் அச்சிட முடியாது. தயாரிப்பாளர் அல்லது தன்னார்வ நிரலாளர் லினக்ஸ் இயக்கியைத் தராதவரை, நல்ல நிலையில் உள்ள பொறியும் பயன்படாமல் போகும்.

2021க்குப் பின்

2021இல் வெளிப்பட்ட ‘பிரிண்ட்நைட்மேர்’ பாதுகாப்புக் குறை, விண்டோஸ் அச்சுச் சேவை வழியாக ஊடுருவுவோர் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் பெற இடமளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இற்றைப்படுத்தல், இயக்கி நிறுவும் உரிமையை இயல்பாகவே நிர்வாகிகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது. அதுவரை தானாக இறங்கிய இயக்கிகளை நிர்வாகி முன்கூட்டியே நிறுவித்தர வேண்டியதாயிற்று. 2023இல் மைக்ரோசாப்ட் தயாரிப்பாளர்களின் தனி இயக்கிகளுக்கான ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஐபிபி நெறிமுறையைப் பின்பற்றும் புதிய அச்சுப்பொறிகள் தங்கள் திறனைத் தாங்களே கணினிக்குத் தெரிவிப்பதால், அவற்றுக்குத் தனி இயக்கி வேண்டியதில்லை.

முக்கியத்துவம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளை இன்றும் காணலாம். கல்லில் வெட்டிய எழுத்துக்கு இயக்கி தேவையில்லை. இன்றைய சான்றிதழுக்குத் தேவை. இயக்கி பழுதானால், சான்றிதழுக்காகக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்தவர் மறுநாளும் வர நேரிடுகிறது. அமைப்பு விவரங்கள் ஒருவருடைய நினைவில் மட்டும் இருந்தால், அவர் மாறுதலாகிச் செல்லும்போது அவையும் போய்விடுகின்றன. ஸ்கிரிப்டும் அதன் பட்டியலும் அவற்றை அலுவலகத்தின் பதிவாக ஆக்குகின்றன. பழைய அச்சுப்பொறிகள் பயன்பாட்டில் உள்ளவரை இத்தேவை நீடிக்கும்.