பகலில் மீட்டிங், இரவில் மேட்ச்: கேமிங் ஹெட்செட் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

காலை 10 மணிக்கு டீம் கால். மாலை வரை அடுத்தடுத்து மீட்டிங். இரவு சாப்பிட்டு முடித்ததும் நண்பர்களோடு வாலரண்ட் அல்லது பிஜிஎம்ஐ. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலருக்கு ஒரு நாளில் எட்டு, பத்து மணி நேரம் தலையில் இருப்பது ஒரே ஹெட்செட்தான்.

ஆனால் அதை வாங்கும்போது நம் கண்ணில் முதலில் படுவது ஆர்ஜிபி விளக்கு, '7.1 சரவுண்ட்' ஸ்டிக்கர், ஆஃபர் விலை ஆகியவைதான். வாங்கி மாட்டிய பிறகுதான் "மச்சி, உன் வாய்ஸே கேக்கல" என்று டீமில் இருப்பவர் சொல்வார். ஒரு மணி நேரத்தில் காது சூடாகும். கன்சோலில் செருகினால் சத்தமே வராது.

இதைத் தவிர்க்க, பார்க்க வேண்டிய வரிசையை மாற்றினாலே போதும். முதலில் உங்கள் கருவியோடு சேருமா, அடுத்து தலைக்குச் சரியாகப் பொருந்துமா, அதன் பிறகு ஒலித் தரம். ஒலியை ஈக்வலைசரில் ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். பொருந்தாத இணைப்பையும் இறுக்கிப் பிடிக்கும் பட்டையையும் எந்த செட்டிங்ஸாலும் சரிசெய்ய முடியாது.

எந்தக் கருவிக்கு எந்த இணைப்பு?

3.5 மிமீ ஒயர்: அதிகக் கருவிகளில் வேலை செய்வது இதுதான். பின்னில் 3 கருப்பு வளையம் இருந்தால் ஒலி, மைக் இரண்டும் ஒரே பின்னில் வரும். லேப்டாப், பிஎஸ்5 கன்ட்ரோலர், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் இது சரி. பல டெஸ்க்டாப்களில் ஹெட்போனுக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என்று தனித்தனி ஜாக் இருக்கும். அங்கே ஒரு ஸ்ப்ளிட்டர் ஒயர் தேவை. பெட்டியோடு அது வருகிறதா என்று பாருங்கள்.

யுஎஸ்பி ஒயர்: ஹெட்செட்டுக்குள்ளேயே சிறிய சவுண்ட் கார்டு இருக்கும். டெஸ்க்டாப்பின் ஜாக்கில் 'கொர்ர்' என்று இரைச்சல் வருபவர்களுக்கு இது நல்ல தீர்வு.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள்: ஒயர் இல்லாமல் விளையாட நினைப்பவர்கள் தேட வேண்டியது இதைத்தான். தாமதம் மிகக் குறைவு, மைக்கும் தெளிவாக இருக்கும். பிசிக்கும் பிஎஸ்5-க்கும் பொருந்தும் டாங்கிள், எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அங்கே 'எக்ஸ்பாக்ஸுக்கு' என்று பெட்டியில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

புளூடூத் மட்டும் இருந்தால் போதாதா?

பாட்டுக்கும் படத்துக்கும் போதும். கேமுக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது தாமதம். சாதாரண புளூடூத்தில் ஒலி 100 மில்லி விநாடிக்கு மேல் பின்தங்குவது சகஜம். வீடியோ ஆப்கள் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சமாளித்துவிடும். கேமில் அது நடக்காது. எதிரி சுட்ட பிறகு சத்தம் கேட்டு என்ன பயன்?

இரண்டாவது பலருக்குத் தெரியாதது. கேம் சாட்டுக்காக மைக்கை ஆன் செய்ததும், வழக்கமான புளூடூத் ஸ்டீரியோ முறையிலிருந்து போன் கால் முறைக்கு மாறிவிடும். அதுவரை நன்றாகக் கேட்ட ஒலி திடீரென்று பழைய ரேடியோ போல ஆகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை, அந்தத் தொழில்நுட்பத்தின் வரம்பு அது. எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைச் சரிசெய்கிறது. ஆனால் ஹெட்செட், கணினி அல்லது போன் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும்.

இன்னொன்று: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் புளூடூத் ஹெட்செட்டை நேரடியாக ஏற்காது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு புளூடூத் ஒலியை ஏற்கிறது, ஆனால் புளூடூத் மைக்கை ஏற்காது.

பகலில் போனிலும் இரவில் பிசியிலும் பயன்படுத்துபவர்களுக்கு டாங்கிள், புளூடூத் இரண்டும் உள்ள மாடல் செட் ஆகும்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது ஓகே?

காதை முழுவதும் மூடும் மூடிய வகை ஹெட்செட்டில், ஃபேன் சத்தமும் தெருச் சத்தமும் குறைவாகக் கேட்கும். ஆனால் ஏசி இல்லாத அறையில் சீக்கிரம் வியர்க்கும். பின்பக்கம் திறந்த வகையில் காற்றோட்டம் இருக்கும், ஒலியும் விரிவாகக் கேட்கும். ஆனால் உள்ளே ஓடும் சத்தம் வெளியே கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும். தனி அறை இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம்.

குஷனில் ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் சத்தத்தை நன்றாகத் தடுக்கும். வியர்வையும் ஈரப்பதமும் சேர்ந்தால் உரிய ஆரம்பிக்கும். துணி குஷன் சூட்டைக் குறைக்கும். எதுவானாலும் குஷனைக் கழற்றி மாற்ற முடியுமா, தனியாக விற்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

எடை 300 கிராமுக்குள் இருந்தால் நீண்ட நேரத்துக்கு நல்லது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கடையில் இரண்டு நிமிடம் மாட்டினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் முதல் நாளே தொடர்ந்து ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். பொட்டுப் பகுதியிலோ உச்சந்தலையிலோ வலித்தால், 'போகப்போகப் பழகிடும்' என்று விடாமல் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

7.1, 50 மிமீ: நம்பலாமா?

பெரும்பாலான '7.1' ஹெட்செட்களில் இருப்பது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். சுற்றிலும் ஒலி வருவது போன்ற உணர்வை மென்பொருள் உருவாக்குகிறது. அதே வேலையை வாலரண்டில் எச்ஆர்டிஎஃப், விண்டோஸில் விண்டோஸ் சோனிக், பிஎஸ்5-இல் 3டி ஆடியோ ஆகியவை சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட்டிலேயே செய்யும், அதுவும் இலவசமாக. ஒரே நேரத்தில் இரண்டை ஆன் செய்தால் திசை குழம்பும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் 40 மிமீயா, 50 மிமீயா என்பது தரத்தைச் சொல்லாது. மனிதக் காது கேட்பது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் போடும் எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடையில் 'பேஸ்' அதிர்வதைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். பேஸ் அதிகமானால் காலடிச் சத்தம் போன்ற நுணுக்கமான ஒலிகள் அதில் அமுங்கிவிடும்.

மைக்கைப் பொறுத்தவரை, வாய்க்கு அருகில் வரும் குச்சி மைக் எப்போதும் தெளிவு. அலுவலகக் கால்களுக்கு மியூட் பட்டன் அவசியம். உங்கள் குரல் உங்களுக்கே லேசாகக் கேட்கும் 'சைடு டோன்' வசதி இருந்தால், நடு ராத்திரியில் தெரியாமல் கத்தி வீட்டில் எல்லோரையும் எழுப்ப மாட்டீர்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மீட்டிங், பாட்டு, கேம் எல்லாமே இந்த ஒரே கணக்கில் சேரும். 2024-இல் பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, கேம் ஆடுபவர்கள் கேட்கும் ஒலி பல நேரங்களில் இந்தப் பாதுகாப்பு வரம்பை நெருங்குவதையும் தாண்டுவதையும் சுட்டிக்காட்டியது.

பொருத்தம் முக்கியம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குஷன் சரியாக உட்காராமல் வெளிச்சத்தம் உள்ளே வந்தால், நம் கை தானாகவே வால்யூமை ஏற்றும். வால்யூமை 60 சதவீதத்துக்குள் வைத்து, மணிக்கு ஒருமுறை சில நிமிடம் கழற்றி வையுங்கள். கழற்றிய பிறகு காதில் 'ங்ஙொய்' என்று சத்தம் நீடித்தாலோ பேச்சு மந்தமாகக் கேட்டாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒலியால் உள்காதில் ஏற்படும் நிரந்தர பாதிப்பை மருந்தால் திரும்பச் சரிசெய்ய முடியாது.

பணம் கட்டும் முன்

ஆன்லைனில் 'ரீப்ளேஸ்மென்ட் மட்டும்' என்று இருந்தால், பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் திரும்பி வராது. சௌகரியம் முக்கியம் என்பதால் ரிட்டர்ன் உள்ள விற்பனையாளரைத் தேர்ந்தெடுங்கள். டாங்கிள் தொலைந்தால் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரன்டியில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

இருக்கும் ஹெட்செட்டே கருவியோடு சேர்ந்து, தலைக்கும் பொருந்தி, ஒலி மட்டும்தான் குறை என்றால், புதிதாக வாங்குவதற்கு முன் ஒருமுறை ஈக்வலைசரில் பேஸைக் குறைத்துப் பாருங்கள். செலவே இல்லாமல் வேலை முடிந்தாலும் முடியலாம்.