தொள்ளாயிரம் பார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்திலிருந்து ஸ்கூபா டைவிங்குக்காகப் பாண்டிச்சேரிக்கும் அந்தமானுக்கும் போய்வருவது இன்று புதுமையில்லை. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய காற்றுக் கருவியோடுதான் கடலடியைக் கூர்ந்து பார்க்கும் பழக்கமும் பிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். கருவி அவர்களுடையதுதான், பழக்கம் அதற்கு மிக முந்தியது. முதல்நிலைச் சான்றிதழ் பெற்ற ஸ்கூபா முக்குளிப்பவர் இறங்கக்கூடிய ஆழம் 18 மீட்டர். தூத்துக்குடிக் கடலின் முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பிகள் வளரும் பாறைத் திட்டுகள், பெரும்பாலும் கிடப்பதும் ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான். அங்கே பரதவர்கள் காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில், ஒரு நிமிடம் போல இருந்து திரும்பினார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும், தன் அக்காளைத் தாலியறுக்க விடமாட்டான் என்று சொல்வார்கள். வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பது தெரியாவிட்டாலும், அந்த வேலையின் ஆபத்தை அந்தப் பேச்சே காட்டிவிடுகிறது.

அது பிழைப்பு, ரசனை அல்ல என்று மறுக்கலாம். மறுப்பில் வலு உண்டு. கொற்கையில் முத்தெடுத்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான 'பெரிப்ளூஸ்' எழுதுகிறது. கைதியிடம் போய் பவளத்தின் அழகைக் கேட்க முடியாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு முத்து போனதைச் சொல்கிறார். சுறாவுக்கு அஞ்சியவர்கள் சுறாவை ரசித்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் ரசனைக்கு முன்னால் அறிவு வேண்டும். அது அவர்களிடம் இருந்தது. நினைத்தபோதெல்லாம் சிலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்துவிடவில்லை. டச்சுக்காரர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் முதலில் பாரைச் சோதித்தார்கள்: மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதைக் கணித்து, முத்தை மதிப்பிட்டு, இளசாக இருந்தால் விட்டுவிட்டார்கள். இலங்கைப் பக்கம் 1768க்குப் பின் 1796 வரை சிலாபமே இல்லை. இதெல்லாம் அரசாங்கத்தின் வருமானக் கணக்கு, குளிப்பவர்களின் கருணை அல்ல என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போடத் தண்ணீருக்குள் போன கண்கள் அவர்களுடையவை. சங்கு குளிப்பிலும் அதுவே. சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அளவுக்குக் குறைந்த உயிர்ச்சங்குகளைக் கடலிலேயே திருப்பி விடும் விதியும் அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்தது.

சுரண்டல் இல்லாத பொற்காலம் என்று இதைக் காட்டுவது பொய். குளித்தவனுக்குக் கிடைத்தது சிறு பங்கு. காது கெட்டதும் மூச்சு முட்டியதும் அவனுக்கு. 1955இல் தொடங்கிய கடைசிச் சிலாபங்கள் 1961இல் முடிந்தன. பிறகு பார்களில் சிப்பி போதிய அளவில் சேரவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைந்தது. இதற்கிடையே விஞ்ஞானிகள் காற்றுக் கலன்களோடு அதே பார்களுக்கு இறங்கி ஆராய்ந்தார்கள். அவர்களின் ஆங்கில அறிக்கைகளிலும் தொள்ளாயிரம் பார், கூத்தாடியார் பார் என்ற பெயர்களே இருக்கின்றன. குளித்தவர்கள் இட்ட பெயர்கள். மாற்றுவதற்கு வேறு பெயர் யாரிடமும் இல்லை.