நாட்டின் நலனை அளத்தல்: வளர்ச்சியும் வருமான ஏற்றத்தாழ்வும்

ஒரு நாட்டின் நலனை அதன் மொத்த வருமானத்தைக் கொண்டு மட்டும் கணிப்பதா, வருமானம் பங்கிடப்படும் முறையையும் சேர்த்துக் கணிப்பதா என்பது பொருளியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் வினாவாகும்.

தொடக்க முயற்சிகள்

பிரித்தானிய இந்தியாவில் தனிநபர் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 20 ரூபாய் என்று 1870களில் கணித்தவர் தாதாபாய் நௌரோஜி. சிறைக் கைதி ஒருவரைப் பராமரிக்க ஆகும் செலவைவிட இது குறைவு என்றும் அவர் காட்டினார். இது சராசரிதான், செல்வந்தரின் பங்கு போக ஏழைக்குக் கிடைத்தது இதனினும் குறைவு.

குஸ்நெட்சின் எச்சரிக்கை

பெருமந்தத்தின்போது அமெரிக்காவின் நாட்டு வருமானத்தைக் கணிக்கும் பணி சைமன் குஸ்நெட்சிடம் ஒப்படைக்கப்பட்டது. 1934இல் செனட் அவையில் வைக்கப்பட்ட அவரது அறிக்கை, 1929க்கும் 1932க்கும் இடையில் வருமானம் ஏறத்தாழ பாதியாகச் சரிந்ததைக் காட்டியது. வருமானம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று அறியாமல் மக்கள் நலனை மதிப்பிட இயலாது என அதே அறிக்கையில் அவர் எச்சரித்தார். எனினும் உலக நாடுகள் அவரது எண்ணை எடுத்துக்கொண்டன, எச்சரிக்கையை மறந்தன.

தொழில் வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்றத்தாழ்வு கூடும், பின்னர் குறையும் என்ற கருத்தை 1955இல் குஸ்நெட்ஸ் முன்வைத்தார். அதில் பெரும்பகுதி ஊகமே என்று அவரே ஒப்புக்கொண்டார். 1980களுக்குப் பின் அமெரிக்காவில் ஏற்றத்தாழ்வு மீண்டும் கூடியதால் இக்கருத்து கேள்விக்குள்ளானது.

இரண்டையும் இணைக்கும் அளவு

இத்தாலியரான கொராடோ ஜினி 1912இல் வெளியிட்ட ஜினி கெழு, ஏற்றத்தாழ்வை அளக்கிறது. எல்லோருக்கும் சம வருமானம் எனில் அதன் மதிப்பு 0. முழு வருமானமும் ஒருவரிடமே இருப்பின் மதிப்பு 1ஐ நெருங்கும். சராசரி வருமானத்தை, 1இலிருந்து ஜினி கெழுவைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி நலனை அளக்கலாம் என 1970களில் அமர்த்தியா சென் விளக்கினார்.

எடுத்துக்காட்டாக, ஒரு நாட்டின் சராசரி வருமானம் 1,00,000 ரூபாய், ஜினி கெழு 0.30 எனக் கொள்வோம். நல அளவு 70,000 ஆகும். சராசரி 1,20,000 ஆக உயர்ந்து, கெழுவும் 0.45 ஆகக் கூடினால் நல அளவு 66,000 தான். வருமானம் 20 விழுக்காடு வளர்ந்தும் நலன் குறைந்துவிட்டது.

குறைபாடுகள்

வீட்டில் பெண்கள் செய்யும் ஊதியமற்ற வேலை, உடல்நலம், கல்வி ஆகியவை இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் அறிமுகப்படுத்திய மனித மேம்பாட்டுச் சுட்டெண் ஆயுளையும் கல்வியையும் சேர்த்தது. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் கணிக்கும் சுட்டெண் 2010இல் வந்தது. ஆகவே வளர்ச்சி விழுக்காட்டைப் படிக்கும் மாணவர்கள், அந்த வளர்ச்சி யாரைச் சென்றடைந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.