மாத்தளை மாவட்டக் கூரை வேலையும் கல்நார்த் தூசும்

கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டஸ், நுண்ணிய இழைகளாகப் பிரியக்கூடிய சிலிக்கேட்டுக் கனிமங்களின் பொதுப்பெயர். இலங்கையில் இது பெரும்பாலும் கூரைச் சீட்டாகவே அறியப்படுகிறது. சீமெந்துடன் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வெள்ளைக் கல்நாரைச் சேர்த்து வார்த்த நெளிதகடு அது. மாத்தளை நகரம், உக்குவளை, ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்கள் எங்கும் ஓட்டுக்கும் தகரத்துக்கும் இடையே இதைக் காணலாம்.

உடையாத சீட்டின் கீழ் குடியிருப்பவரைவிட, அதை அறுப்பவருக்கும் துளையிடுபவருக்கும் உடைத்து இறக்குபவருக்குமே ஆபத்து மிக அதிகம். மழை மிகுந்த மலைப்பகுதியில் பாசி படிந்த சீட்டைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் இழைகளைக் கிளப்பிவிடும். தொழிற்சாலைக்காவது பரிசோதகர் வருவார். லயத்துக் கூரையில் ஏறும் நாட்கூலி பாஸை யாரும் தேடி வருவதில்லை.

சுவாசத்தோடு உள்ளே போகும் இழைகள் கரைவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் கல்நார் நோய், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையிலும் வயிற்றறை உறையிலும் தோன்றும் மீசோதீலியோமா ஆகியவை அவற்றால் வருகின்றன. குரல்வளை, சூலகப் புற்றுகளும் இதனால் ஏற்படுகின்றன. வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய்க் காரணி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்று அபாயம் பன்மடங்காகும். நோய் வெளிப்படப் பத்து முதல் நாற்பது ஆண்டுகள் வரை, சிலவேளை அதற்கும் மேலாகச் செல்லலாம். ஆகவே நாட்பட்ட இருமலோ மூச்சிளைப்போ உள்ளவர், இளமையில் செய்த கூரை வேலையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீலக் கல்நார் இலங்கையில் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நார் இறக்குமதியை 2018 முதல் நிறுத்தும் திட்டத்தை 2015இல் அரசு அறிவித்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கொன்றில் வண்டு கண்டதாகக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரின் முதன்மை விற்பனையாளரும் ரஷ்யாதான். சில நாட்களில் கொழும்பு கல்நார்த் தடையைத் தள்ளிவைத்தது, மாத இறுதியில் தேயிலைத் தடையும் நீங்கியது. தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மாத்தளைத் தோட்டத் தொழிலாளி இந்தப் பேரத்தின் இரு முனையிலும் இருந்தார்: விற்க வேண்டியது அவர் பறித்த கொழுந்து, தொடர்ந்து வரவிருந்தது அவர் கூரைக்கான சீட்டு.

பழைய சீட்டை இறக்குமுன் நன்றாக நனைக்க வேண்டும். மின் வாளையும் கிரைண்டரையும் தவிர்த்து, ஆணிகளைக் கழற்றி முழுத் தகடாகவே இறக்குவது நல்லது. சீட்டின்மேல் நேரடியாகக் கால்வைத்தால் அது முறிந்து ஆள் கீழே விழக்கூடும். குறுக்கே பலகை போட்டே ஏற வேண்டும். துணி முகமூடி பயன்படாது, முகத்தோடு இறுகப் பொருந்தும் பி3 தரச் சுவாசக் கவசம் தேவை. துகள்களைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைத்தால் மனைவி பிள்ளைகளுக்கும் தூசு போய்ச் சேரும். உடைந்த துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி, உள்ளூராட்சி மன்றம் காட்டும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அவற்றைக் கோழிக்கூட்டுக்கோ அடுப்புத் தடுப்புக்கோ முற்றத்துப் பள்ளம் நிரப்பவோ எடுக்கக் கூடாது.