மருத்துவ அக்குபஞ்சர்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் வலிகளில் அதன் இடம்

மருத்துவ அக்குபஞ்சர் என்பது நவீன மருத்துவ முறைப்படி நோயைக் கண்டறிந்த பின், பெரும்பாலும் வலியைத் தணிப்பதற்காக, உடலின் குறிப்பிட்ட இடங்களில் மெல்லிய ஊசிகளைச் செலுத்தும் சிகிச்சை. சீன மரபில் பிறந்த இம்முறையை நரம்பு, தசை பற்றிய அறிவைக் கொண்டு கையாள்வது இதன் தனித்தன்மை. ஊசியின்றி விரலால் செய்யும் ‘தொடு சிகிச்சை’யும் தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் என்றே வழங்குகிறது. ஊசி சிகிச்சை பற்றிய ஆய்வு முடிவுகளை அதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

இந்தியாவில்

1938இல் மருத்துவர் துவாரகாநாத் கோட்னிசுடன் சீனா சென்ற இந்திய மருத்துவக் குழுவில் இருந்தவர் பிஜோய் குமார் பாசு. பின்னாளில் சீனாவில் அக்குபஞ்சர் பயின்ற அவர், 1959இல் கொல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003இல் இதை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்து, 2019இல் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது.

தொழில்சார் வலிகள்

பின்னலாடை ஆலைகளில் ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின்களில் தைப்பவர் கழுத்தைக் குனித்து, தோளை உயர்த்தியபடி மணிக்கணக்கில் உட்கார்கிறார். செக்கிங், அயர்ன் மேஜைகளில் நின்றபடியே வேலை. பிசிறு வெட்டுவோருக்கும் கட்டிங் செய்வோருக்கும் மணிக்கட்டில் சுமை. பீஸ் ரேட் கூலியும் ஒன்றரை ஷிப்ட்டும் ஓய்வைக் குறைக்கின்றன. கழுத்துவலி, இடுப்புவலி, தோள்வலி, கழுத்திறுக்கத்தால் வரும் தலைவலி ஆகியவை இத்தகைய வேலைக்குரிய தொல்லைகள்; அக்குபஞ்சர் அதிகம் ஆராயப்பட்டிருப்பதும் இவ்வகை வலிகளில்தான். நூற்பாலைப் பஞ்சுத்தூசியால் வரும் பைசினோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வேறு வகை. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகினால் பார்க்க வேண்டியது நுரையீரல் மருத்துவரை.

சிகிச்சை நடக்கும் விதம்

முதல் நாளில் பேச்சும் பரிசோதனையுமே அதிகம். என்ன வேலை, வலி எப்போது கூடுகிறது, சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கர்ப்பமா என்பதெல்லாம் கேட்கப்படும். ஊசி உள்துளை இல்லாத எஃகுக் கம்பி; பருமன் பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர். பனியன் தைக்கும் 11ஆம் நம்பர் ஊசி 0.75 மில்லிமீட்டர் என்பதால், அதில் மூன்றில் ஒரு பங்குதான். குத்தும்போது எறும்பு கடித்தாற்போல் தோன்றலாம்; பிறகு அந்த இடம் கனத்து, மந்தமாக வலிக்கும். ஊசிகள் வழக்கமாக 15 முதல் 30 நிமிடம் இருக்கும். சிலருக்கு அவற்றில் மெல்லிய மின்னோட்டமும் தரப்படும்.

பசியோடு போகக் கூடாது, மயக்கம் வரலாம். முடிந்ததும் சிலருக்குத் தூக்கம் சொக்கும் என்பதால், தெளியும்வரை வண்டி ஓட்டுவதையும் கட்டிங் மிஷினில் நிற்பதையும் தவிர்க்க வேண்டும். வாரம் ஓரிரு முறை எனச் சில வாரங்கள் தொடர்வது வழக்கம். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, நாள்பட்ட இடுப்புவலிக்கு 90 நாளில் 12 அமர்வுகள் வரை பணம் தருகிறது. முன்னேற்றம் தெரிந்தால் மட்டுமே மேலும் 8.

பயன்

ஊசி நரம்பு நுனிகளைத் தூண்டி, எண்டார்பின் போன்ற வலியடக்கிகளைச் சுரக்கச் செய்கிறது என்பது முதன்மையான விளக்கம். ஏறத்தாழ 21,000 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், அக்குபஞ்சர் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் பலன் தெளிவாக இருந்தது. போலி ஊசி சிகிச்சையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியதே. அதனால் நிபுணர் குழுக்கள் ஒத்துப்போவதில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2016இல் இடுப்புவலிக்கு இதைப் பரிந்துரைக்க மறுத்தது. மெடிகேர் 2020இல் அதே வலிக்கு இதை ஏற்றது.

இடர்கள்

ஜெர்மனியில் 2,29,230 பேரிடம் நடந்த ஆய்வில் 8.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு பக்கவிளைவைச் சொன்னார்கள். பெரும்பாலும் சிறு இரத்தக் கசிவு அல்லது கன்றிப்போதல். இருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது. தோள்பட்டைத் தசைக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருப்பதால், அங்கே உடற்கூறு அறிந்தவர் கையே வேண்டும். உறை பிரிக்காத, ஒரே முறை பயன்படும் ஊசியைக் கேட்டு வாங்கலாம். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்னோட்டம் ஆகாது.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், கால் வலுவிழத்தல், வலியுடன் காய்ச்சல், நெஞ்சிலிருந்து இடக்கைக்குப் பரவும் வலி ஆகியவை இருந்தால் ஊசிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்பவரிடம் சிகிச்சை பெறக் கூடாது.

வேலையிடம்

அக்குபஞ்சர் வலியைத் தணிக்கலாம். வலி தரும் மேஜை உயரத்தை மாற்றாது. முதுகு சாயும் நாற்காலி, ஆளுக்கேற்ற உயரத்தில் மிஷின், இடையிடையே எழுந்து நடக்கும் வாய்ப்பு, கழுத்து, தோள் பயிற்சி ஆகியவை சேராவிட்டால், கிடைத்த நிவாரணம் அடுத்த ஏற்றுமதி அவசரத்திலேயே கரைந்துவிடக்கூடும்.