சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை

கால்பந்தில் சிவப்பு அட்டை வாங்கினால் ஆட்டக்காரர் மைதானத்தை விட்டு வெளியே போக வேண்டும். அமெரிக்காவில் ஒரு முகாமுக்கு வந்தவர்களோ சிவப்பு அட்டையைத் தாங்களே சட்டையில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே உலாவினார்கள். "இப்போது யாரும் என்னிடம் பேச வேண்டாம்" என்பது அதன் பொருள். மஞ்சள் என்றால் ஏற்கனவே தெரிந்தவர்கள் மட்டும் வரலாம். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை!

அந்த முகாமின் பெயர் ஆட்ரீட். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய முகாம் அது.

இதன் கதை 1992ல் ஆரம்பிக்கிறது. ஜிம் சின்க்ளேர், கேத்தி கிராண்ட், டோனா வில்லியம்ஸ் ஆகிய மூவரும் ஆட்டிசம் உள்ளவர்கள். கடிதம் மூலம் பழகிய இவர்கள் அந்த வருடம் செயின்ட் லூயிஸ் நகரில் நேரில் சந்தித்தார்கள். ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அப்படித்தான் உருவானது.

அப்போதும் ஆட்டிசம் பற்றிய மாநாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை பெற்றோருக்கும் நிபுணர்களுக்குமானவை. பெரிய ஹோட்டல், கண்ணைக் கூசும் விளக்கு, திடீர் திடீரென்று கைதட்டல், பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் சென்ட் வாசனை... யாரைப் பற்றிப் பேச மாநாடு கூடியதோ, அவர்களால்தான் அந்த அறையில் உட்கார முடியவில்லை. போதாக்குறைக்கு, தங்கள் பிறப்பே ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த துக்கம் என்று மேடையில் பேசுவதை வேறு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 1993ல் டொராண்டோ மாநாட்டில் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காக அழாதீர்கள் என்று பேசினார். அந்த உரை இன்றும் படிக்கப்படுகிறது.

இம்மாதிரி மாநாடுகளில் இவர்களின் அமைப்பு ஒரு சிறிய கடை போட்டு உட்காரும். ஆட்டிசம் உள்ளவர்கள் அங்கே வந்து சற்று நேரம் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்க ஒரு மூலை போதுமா, முழு இடமுமே தங்களுக்கு ஏற்றதாக இருந்தால் என்ன என்ற எண்ணம்தான் முகாமாக மாறியது. 1996 ஜூலையில், நியூயார்க் மாநிலம் கனன்டேய்குவா அருகே பிரிஸ்டல் ஹில்ஸ் என்ற இடத்தில் முதல் ஆட்ரீட் நடந்தது.

விதிகள் எளிமையானவை. வாசனைப் பொருட்கள் பூசக்கூடாது. கேட்காமல் படம் எடுக்கக்கூடாது, கேட்காமல் தொடக்கூடாது. சொற்பொழிவுகள் உண்டு, ஆனால் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பழக வாய்ப்பு இருக்கும், கட்டாயம் இருக்காது. ஆட்டிசம் இல்லாத பெற்றோரும் நண்பர்களும் வரலாம், இந்த வழக்கங்களுக்குக் கட்டுப்பட்டு.

நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி அலறும் மண்டபத்தில் ஓரமாக ஒருவர் உட்கார்ந்தால், "ஏன் உம்மென்று இருக்கிறாய்?" என்று பத்துப் பேர் கேட்டுவிடுவார்கள். பதில் சொல்லும் அந்த வேலையைத்தான் அட்டை மிச்சப்படுத்தியது. பேச்சே வராத நேரத்தில் "பேச முடியவில்லை" என்பதை எப்படிப் பேசிப் புரியவைப்பது?

அட்டைகளில் பச்சையும் ஒன்று உண்டு. எனக்குப் பேச ஆசை, ஆனால் பேச்சை ஆரம்பிக்கத் தெரியவில்லை, நீங்களே வந்து ஆரம்பியுங்கள் என்பது அதன் பொருள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனிதர்களே வேண்டாம் என்று புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவ்வளவு பக்கங்களுக்கும் இந்த ஒரு சின்னக் காகிதம் மறுப்பாக இருந்தது. நிறம் எதையும் அணியாதவர் தன் பழக்கத்தைத் தானே சமாளித்துக்கொள்வார் என்று அர்த்தம்.

நியூரோடைவர்சிட்டி என்ற சொல் அச்சில் பரவியதே 1998க்குப் பிறகுதான். பெயர் வருவதற்கு முன்பே வழக்கம் வந்துவிட்டது!

ஆட்ரீட் 2013 வரை நடந்தது. அதைப் பார்த்து 2005ல் இங்கிலாந்தில் ஆட்ஸ்கேப் தொடங்கியது. வண்ண அட்டைகள் வேறு மாநாடுகளுக்கும் போயின. பொது நிகழ்ச்சிகளும் மெல்ல மாறின. 2011 அக்டோபர் 2 அன்று நியூயார்க் பிராட்வேயில் 'தி லயன் கிங்' நாடகத்தின் ஒரு காட்சி ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. சில இடங்களில் ஒலியைக் குறைத்தார்கள், கண்ணில் வெட்டும் விளக்குகளை நிறுத்தினார்கள், வெளியே அமைதியாக உட்கார இடம் வைத்தார்கள். நடுவில் ஒரு குழந்தை எழுந்து கத்தினாலும் யாரும் திரும்பி முறைக்காத காட்சி அது.